படுத்தால்தான் கார்டு

"கார்டு இருக்கு தம்பி. கார்டைக் காட்டினா பஸ்ஸுல ஏத்திக்குவானா?"

வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில் இருக்கிற என் அத்தை கேட்ட கேள்வி இது. அத்தை சொல்கிற கார்டு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கும் காருண்ய ஆரோக்ய சுரக்ஷா பத்ததி கார்டு. கேரளத்தில் எல்லோரும் 'காஸ்ப்' என்பார்கள். அக்ஷயா சென்டரில் கைரேகை வைத்து எடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கால் புண்ணுக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

புண் பெரிதாகத் தொடங்கவில்லை. கொளுந்து எடுக்கப் போகும்போது போடும் ரப்பர் பூட்ஸ் உரசி, வலது காலின் சுண்டுவிரல் பக்கம் ஒரு கொப்புளம். மழைக்காலத்தில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து அந்தப் பக்கம் ஏற்கெனவே தோல் நைந்திருந்தது. அத்தைக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. கொப்புளம் உடைந்தது, ஈரத்திலேயே நின்றது, ஆறவில்லை. எஸ்டேட் டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டார்கள். அங்கிருந்து தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே டாக்டர் பாதத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, ரத்த ஓட்டம் சரியில்லை, டாப்ளர் ஸ்கேன் எடுத்து ஒரு சர்ஜனிடம் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டும் கார்டு இருந்த அதே உறைக்குள் போய்ச் சேர்ந்தது.

ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு அத்தை கணக்கைச் சொன்னார். அவருக்கு ஒரு நாள் கூலி போகும். தனியாகப் போக முடியாது, மாமா பைஸ்டாண்டராக வரவேண்டும், அவர் கூலியும் போகும். கோட்டயம் வரைக்கும் பஸ். ஓபியில் டோக்கன் போட்டு உட்கார்ந்தால் மத்தியானம் ஆகிவிடும், மத்தியானம் ஆனால் சாப்பாடு. ஸ்கேனுக்கு இன்னொரு தேதி கொடுப்பார்கள். அந்தத் தேதி வரைக்கும் காத்திருக்க முடியாதென்றால் வெளியே காசு கொடுத்து எடுக்கவேண்டும். ரிசல்ட்டைக் காட்ட மறுபடியும் ஒரு நாள். வெளியே எழுதிக் கொடுக்கிற மாத்திரைக்குத் தனி. "இதுல ஒண்ணுக்காவது அந்தக் கார்டு செல்லுமா, கேட்டுச் சொல்லு" என்றார். கேட்டேன். செல்லாது. அட்மிட் ஆகிப் படுத்தால்தான் செல்லும்.

போனஸ் வரட்டும், போகலாம் என்று முடிவு செய்தார்கள். ஓணத்துக்குப் போனஸ் வருவதற்குள் விரல் கறுத்துவிட்டது. அப்புறம் நடந்ததெல்லாம் இலவசம். ஆம்புலன்ஸ், அட்மிஷன், ஆபரேஷன், வார்டு, மருந்து எதற்கும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. டாக்டர்களும் நர்ஸுகளும் நன்றாகப் பார்த்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன். இரண்டு விரல்களை எடுத்துவிட்டு டிஸ்சார்ஜ் செய்தார்கள்.

விரலை எடுப்பதற்கு அரசு பணம் கட்டியது. விரலைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஸ்கேனுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் யாரும் கட்டவில்லை. நான் எழுத நினைப்பது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

காஸ்ப் 2019 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தையும் மாநிலத்தில் முன்பே இருந்த காப்பீடுகளையும் ஒன்றாக்கியது. ஏறத்தாழ 42 லட்சம் குடும்பங்கள் இதில் இருக்கின்றன. குடும்பத்தில் எத்தனை பேர் என்ற வரம்பு இல்லை, முன்பே இருந்த நோய்க்கும் செல்லும், டயாலிசிஸும் கீமோவும்கூட இதில் வரும். எத்தனையோ வீடுகளை இந்தக் கார்டு கடனிலிருந்து காப்பாற்றியிருக்கிறது, என் சொந்தத்திலேயே உண்டு. ஆனால் அதன் விதி இப்படி: அட்மிட் ஆவதற்கு முந்தைய 3 நாள் செலவும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் செலவும்தான் சிகிச்சையோடு சேரும். சர்க்கரை 3 நாளில் வருகிற நோயா? பிரஷரும் ஆஸ்துமாவும் 15 நாளில் முடிந்துபோகிற நோய்களா? தோட்டத்தில் வேலை செய்பவர்களின் முட்டிவலி, முதுகுவலி, ரத்தசோகை, ஆறாத புண், விடாத இருமல் இவையெல்லாம் வருஷக்கணக்கில் நடந்துகொண்டே அனுபவிக்கிற நோய்கள். நடக்கிறவரைக்கும் இவர்கள் காப்பீடு இல்லாதவர்கள்தான்.

ஆர்எஸ்பிஒய் (ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா) என்ற பழைய காப்பீட்டுத் திட்டத்தை நினைத்துப் பார்க்கிறேன். 2008இல் வந்தது, குடும்பத்துக்கு வெறும் 30,000 ரூபாய்தான். ஆனால் அதில் ஒரு சின்ன ஏற்பாடு இருந்தது: ஒவ்வொரு முறை அட்மிட் ஆகும்போதும் பயணப்படியாக 100 ரூபாய், ஆண்டுக்கு 1,000 ரூபாய் வரை. 100 ரூபாய் ஒரு தொகையா என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதும் சிகிச்சையில் ஒரு பகுதி என்று அந்த 100 ரூபாயை எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. தொகை 30,000 என்பது 5 லட்சமாக உயர்ந்தபோது அந்த வரி காணாமல் போனது.

அதற்காக ஆர்எஸ்பிஒய் சாதித்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அனூப் கரன், வின்னி யிப், அஜய் மகால் மூவரும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, ஏழைக் குடும்பங்களின் கைச்செலவைக் குறைப்பதில் அந்தத் திட்டம் பலன் தரவில்லை என்றே முடித்தது. காரணம் நமக்குத் தெரிந்ததுதான். ஏழை வீட்டுப் பணம் பெருமளவு கரைவது ஓபியிலும் மருந்துக்கடையிலும். காப்பீடு காத்துக்கொண்டிருந்தது ஆபரேஷன் தியேட்டர் வாசலில்.

அரசு ஆஸ்பத்திரி என்றால் செலவே இல்லை என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. 2017-18இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, பிரசவம் நீங்கலாக, அரசு மருத்துவமனையில் ஒரு முறை அட்மிட் ஆனால் நாட்டளவில் சராசரி மருத்துவச் செலவு 4,452 ரூபாய். தனியாரில் 31,845. இதைத் தேயிலைத் தோட்டத்துக் கூலியோடு வைத்துப் பாருங்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் 'பெண்பிளை ஒருமை' என்று திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்களே, அப்போது நாள் கூலி 232 ரூபாய். அவர்கள் கேட்டது 500. கிடைத்தது 301. அந்த 301ஐ வைத்து வகுத்தால், அரசு ஆஸ்பத்திரியில் ஒரு முறை படுத்து எழ ஏறக்குறைய 15 நாள் கூலி. படுத்திருக்கும் நாட்களில் கூலி கிடையாது என்பது இதில் சேரவில்லை, பைஸ்டாண்டர் கூலியும் சேரவில்லை.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தது. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தருவது நிர்வாகத்தின் கடமை என்று அதன் 10ஆவது பிரிவு சொன்னது. நல்ல நிர்வாகம் இருக்கிற இடத்தில் எஸ்டேட் ஆஸ்பத்திரி இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் பீர்மேடு பக்கம் 2000ஆம் ஆண்டை ஒட்டித் தோட்டங்கள் பூட்டப்பட்டபோது டிஸ்பென்சரியும் சேர்ந்து பூட்டப்பட்டது. லயத்தில் ஆள் இருந்தார்கள், கம்பவுண்டர் இல்லை. அந்தக் காலத்தில் பிள்ளைகளாக இருந்த எங்களுக்கு ஒரு பழக்கம் படிந்தது: எதுவானாலும் முதலில் பொறுத்துப் பார்ப்பது. காய்ச்சலா, சுக்குக் கஷாயம். வயிற்று வலியா, ஓமம். அதிலும் போகவில்லையென்றால் மருந்துக்கடையில் சொல்லி நாலு மாத்திரை. டாக்டர் என்பவர் கடைசி வரிசையில் நின்றார். தோட்டம் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, கார்டு வந்த பிறகும் போகவில்லை.

இதில் மலையின் பங்கும் இருக்கிறது. குமுளியிலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். தேனி அரசு மருத்துவக் கல்லூரி, கம்பம் வழியாக இறங்கினால் அதைவிடப் பக்கம். மூணாறுக்காரர்களுக்கும் போடிமெட்டு வழியாகக் கோட்டயத்தைவிடத் தேனிதான் பக்கம். மறையூர், காந்தளூர் மக்கள் சின்னார் காட்டைத் தாண்டி உடுமலைக்கு இறங்குவார்கள். இடுக்கிக்கென்று 2014இல் ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கினார்கள், அனுமதி போய் நின்றது, 2022இல்தான் மீண்டும் மாணவர் சேர்க்கை நடந்தது. மாவட்டம் பிறந்தது 1972இல் என்பதை நினைவில் வையுங்கள். காட்டுக்குள் இருக்கிற இடமலைக்குடியில் நோயாளியைத் தூளி மாதிரியான மஞ்சலில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு பெட்டிமுடி வரை நடந்த செய்திகளை நாமெல்லாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அந்த நோயாளியின் பெயரிலும் ஒரு கார்டு இருக்கக்கூடும்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். உடம்புக்குப் பக்கத்தில் இருப்பது தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி, கையில் இருப்பது கேரளத்துக் கார்டு. ஆயுஷ்மான் பாரத் கார்டு மாநிலம் தாண்டியும் செல்லும் என்பது திட்டத்தின் விதி. நடைமுறையில் கவுண்டரில் நிற்கும்போதுதான் கார்டு எந்தப் பட்டியலில் வருகிறது, அந்த ஆஸ்பத்திரியில் அந்த நோய்க்கு ஒப்புதல் கிடைக்குமா என்று தெரியும். வலியோடு நிற்பவரிடம் மொபைலுக்கு ஓடிபி வந்ததா என்று கேட்பார்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கோ தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, லயத்தைக் காலி செய்து, சங்கரன்கோவில் பக்கமோ தேனி பக்கமோ பூர்வீக ஊருக்குத் திரும்புகிற தொழிலாளி இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டுகிறார். இங்கே ரேஷன் கார்டில் பெயர் நீக்க வேண்டும், அங்கே சேர்க்க வேண்டும், வருமானச் சான்று வாங்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் உழைத்த உடம்பு நோயில் விழுகிற வயதும் அதுதான், எந்தக் கார்டும் இல்லாத இடைவெளியும் அப்போதுதான் வருகிறது.

விபத்துக்கு மட்டும் தமிழ்நாடு நல்ல வழி காட்டியிருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று கேட்பதில்லை. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கார்டும் தேவையில்லை. எல்லை ஒரு தடையில்லை என்று விபத்துக்கு ஒரு அரசால் நினைக்க முடிந்தபோது, இரண்டு மாநிலமும் உட்கார்ந்து பேசி, மாரடைப்புக்கும் பிரசவத்துக்கும் அப்படி நினைக்க முடியாதா?

நான் இப்போது வேலை நிமித்தமாக இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில். இங்கே மலையேற்றம் இல்லை, வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர். ஆஸ்பத்திரி பஞ்சமே கிடையாது. ஆனாலும் போகாமல் இருப்பவர்கள் இங்கேயும் உண்டு, காரணம் மட்டும் வேறு. எதிர் வீட்டு அண்ணன் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அரசுக் கார்டுக்குத் தகுதி இல்லை, அதனால் வருஷா வருஷம் பிரீமியம் கட்டித் தனியார் பாலிசி எடுத்திருக்கிறார், 3 லட்சத்துக்கு. பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுத்தார். 'கேஷ்லெஸ்' என்று நம்பிப் போனவர், டிஸ்சார்ஜ் அன்று மைத்துனரிடம் கைமாற்று வாங்கித்தான் வெளியே வந்தார்.

அந்த பில்லை நான் வாங்கிப் பார்த்தேன். வில்லங்கம் அறை வாடகையில் இருந்தது. இது பலருக்குத் தெரியாது என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். பல பாலிசிகளில் ஒரு நாள் அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் என்று வரம்பு இருக்கும். 3 லட்சத்துக்கு 3,000. நீங்கள் 6,000 ரூபாய் அறையில் படுத்தால் மிச்சம் 3,000ஐ மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படியல்ல. வாடகை எந்த விகிதத்தில் மிஞ்சியதோ அதே விகிதத்தில் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றையும் வெட்டுவார்கள். அவை 80,000 என்றால் 40,000 உங்கள் தலையில். மருந்து, உடலுக்குள் வைக்கிற கருவிகள், பரிசோதனைச் செலவு இவற்றில் அந்த வெட்டு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் விதி போட்டது. அந்த விதி இருப்பது பாலிசி எடுத்தவருக்குத் தெரிந்தால்தானே கேட்பார்? அண்ணனுக்கு அறையை ஒதுக்கியபோது "சார், உங்க பாலிசிக்கு இந்த ரூம் தாண்டும்" என்று ஒரு வார்த்தை சொல்ல அந்தக் கவுண்டரில் யாருக்கும் தோன்றவில்லை.

அதற்கப்புறம் அவருக்கு நெஞ்சில் ஒரு இறுக்கம் வர ஆரம்பித்தது. "கேஸ்தான்" என்று சொல்லிக்கொண்டு, பட்டறையிலேயே உட்கார்ந்து மாத்திரை சப்பிக்கொண்டிருந்தார். அண்ணிதான் அழுது புலம்பி எங்களையெல்லாம் கூப்பிட்டார். "பாலிசி இருக்குல்ல, வாங்கண்ணா" என்றேன். "இருக்கறதுனாலதான் பயமா இருக்கு. இல்லைன்னா கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கே போயிருப்பேன்" என்றார். கடைசியில் மாவட்ட ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனோம். ஈசிஜி எடுத்த டாக்டர், நேரத்தோடு வந்தீர்கள் என்றார். இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறார்.

கைக்காசு போகும் என்றால் மனிதர்கள் தேவையில்லாத வைத்தியத்தைத்தானே குறைப்பார்கள், அது நல்லதுதானே என்று ஒரு வாதம் உண்டு. காப்பீட்டுக்காரர்கள் அடிக்கடி சொல்வது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரேண்ட் நிறுவனம் 1974 முதல் 1982 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து ஒரு பெரிய பரிசோதனை நடத்தியது. சிலருக்கு வைத்தியம் முழு இலவசம், சிலர் ஒரு பங்கைக் கையிலிருந்து கட்டவேண்டும். கட்டவேண்டியிருந்தவர்கள் டாக்டரிடம் போவதைக் குறைத்தார்கள். ஆனால் தேவையில்லாததை மட்டும் குறைக்கவில்லை, தேவையானதையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைத்தார்கள். ஏழைகளில் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு இலவச சிகிச்சையில்தான் அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டது. எது தேவை, எது தேவையில்லை என்பது டாக்டரிடம் போன பிறகுதானே தெரியும்? அத்தையின் கொப்புளம் வெறும் கொப்புளம்தான் என்று லயத்தில் எல்லோரும் நம்பினோம்.

தாய்லாந்து 2002க்குள் நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒரு முறை டாக்டரைப் பார்க்க 30 பாத். அதற்குள் ஓபி, மருந்து, பரிசோதனை, அட்மிஷன் எல்லாம் அடக்கம். பணக்கார நாடாகி முடித்த பிறகு அவர்கள் இதைச் செய்யவில்லை. படுக்கையிலிருந்து தொடங்காமல் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. கேரளத்தில் 2017இல் வந்த ஆர்த்ரம் மிஷன், ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக்கி ஓபியைச் சாயங்காலம் வரை நீட்டியது. கூலிக்குப் போய்விட்டு வந்து டாக்டரைப் பார்க்கலாம் என்பது எங்கள் மாதிரி ஊர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! ஆக, வழி தெரியாமல் இல்லை. 5 லட்சத்தை 10 லட்சமாக்குவோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்கிறவர்கள், அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு பங்கை ஸ்கேனுக்கும் மாத்திரைக்கும் பயணத்துக்கும் ஒதுக்கினால், 5 லட்சம் தேவைப்படுகிறவர்களின் எண்ணிக்கையே குறையும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. கார்டு இருப்பவர்கள், அட்மிட் ஆவதற்கு முன்பே ஆயுஷ்மான் பாரத் உதவி எண் 14555க்கோ கேரளத்தில் திஷா உதவி எண் 1056க்கோ கூப்பிட்டு, நீங்கள் போகிற ஆஸ்பத்திரியில், எல்லை தாண்டி என்றாலும், கார்டு செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கார்டில் அட்மிட் ஆன பிறகு மருந்துக்கென்றோ பரிசோதனைக்கென்றோ பணம் கேட்டால் அது விதிமீறல், ரசீது வாங்கி வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள். கார்டு இல்லாத, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கிற கேரளக் குடும்பங்கள் காருண்ய பெனவலன்ட் ஃபண்ட் பற்றி ஆஸ்பத்திரிக் கவுண்டரில் விசாரியுங்கள். தனியார் பாலிசிக்காரர்கள் இன்றைக்கே பாலிசியை எடுத்து அறை வாடகை வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். கம்பெனி நியாயமில்லாமல் வெட்டினால் கொச்சியில் இருக்கிற காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் முறையிடலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

இன்னொன்று. கேரளத்தில் குடும்ப சுகாதார நிலையம் பஞ்சாயத்தின் பொறுப்பில் இருக்கிறது. மருந்துக்கும் வண்டிக்கும் பஞ்சாயத்து தன் திட்டப் பணத்தை ஒதுக்கலாம். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் தேடிப் போகிற பாலியேட்டிவ் நர்ஸுக்கு அப்படித்தான் வண்டி ஓடுகிறது. படுக்கையில் விழும் முன்பே ஸ்கேனுக்கும் சர்ஜனிடமும் கூட்டிப்போக வாரத்தில் ஒரு நாள் ஒரு வண்டி வேண்டும் என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள், எழுதியும் கொடுங்கள். மலையாளம் எழுத வராது என்று தயங்கவேண்டாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று உரிமை தந்தது.